நிக்ஸி கடிகாரம்: இரண்டிரண்டு இலக்கமாகக் கட்டுவோம்

நிக்ஸி கடிகாரத்தில் முதன்முதலாகக் கை வைப்பவர்கள் எல்லாக் குழாய்களையும் ஒரே போர்டில் சால்டர் செய்துவிட்டு, எங்கே கோளாறு என்று தேடுவார்கள். அந்த வம்பே வேண்டாம். ஒரு தொகுதிக்கு இரண்டு இலக்கம் என்று பிரித்துக்கொள்வோம். மணிக்கு ஒன்று, நிமிடத்துக்கு ஒன்று. விநாடியும் வேண்டுமென்றால் அப்புறம் மூன்றாவதைச் சொருகிக்கொள்ளலாம்.

நிக்ஸி குழாய் என்பது நியான் அடைத்த கண்ணாடிக் குப்பி. உள்ளே 0 முதல் 9 வரை பத்து உலோக எண்கள், ஒன்றன்பின் ஒன்றாக. எந்த எண்ணைக் கிரவுண்டில் இணைக்கிறோமோ அதைச் சுற்றி ஆரஞ்சு ஒளி படரும். 1955இல் பரோஸ் நிறுவனம் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நமக்குத் தோதானது சோவியத் காலத்து ஐஎன்-12. சாக்கெட்டில் சொருகலாம், கழற்றலாம். இதில் 5 என்பது தலைகீழாக வைத்த 2தான். ஒருமுறை கவனித்துவிட்டால் கண் அங்கேயே போய் நிற்கும்!

ரெசிஸ்டர், கம்பி போன்றவற்றைத் திருநெல்வேலி ஜங்ஷன், டவுன் பக்கத்துக் கடைகளில் விசாரியுங்கள். குழாயையும், அதில் எந்த எண் எரிய வேண்டுமோ அதைக் கிரவுண்டில் இணைக்கும் கே155ஐடி1 ஐசியையும் இணையத்தில்தான் தேட வேண்டும்.

1. மின்சாரம். 12 வோல்ட் அடாப்டர், அதை 180 வோல்ட் ஆக்கும் பூஸ்ட் போர்டு. போர்டைத் தயாராகவே வாங்குங்கள். 180 வோல்ட் டிசி விளையாட்டுச் சாமான் இல்லை. அடாப்டரைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கும். அதனால் 180 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே ஒரு 470 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். மல்டிமீட்டர் சுழிக்குப் பக்கத்தில் காட்டும்வரை தொட வேண்டாம். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் மூடாமல் விட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள்.

2. குழாய்ச் சோதனை. ஆனோடுக்கு (குழாயின் பிளஸ் முனை) 15 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 180 வோல்ட். எண்ணுக்குரிய முனைகளை ஒவ்வொன்றாகக் கிரவுண்டில் வையுங்கள். மாற்றும் ஒவ்வொரு முறையும் மின்சாரத்தை நிறுத்துங்கள். குழாய் எரியத் தொடங்கியதும் அதன் குறுக்கே சுமார் 140 வோல்ட் நிற்கும். மீதி 40 வோல்ட்டை ரெசிஸ்டர் தாங்கும், இரண்டரை மில்லிஆம்பியர் சொச்சம் ஓடும். ரெசிஸ்டர் இல்லாமல் இணைத்தால் குழாய் காலி.

3. தொகுதி. ஒரு 74ஹெச்சி595 (வரிசையாக வரும் பிட்டுகளை எட்டுக் கால்களில் பிரித்துத் தரும் ஐசி), இரண்டு கே155ஐடி1, இரண்டு சாக்கெட். 595 தரும் எட்டு பிட்டில் நான்கு ஓர் இலக்கத்துக்கு, நான்கு அடுத்ததற்கு. கே155ஐடி1இல் 5 வோல்ட் 5ஆம் காலில், கிரவுண்ட் 12ஆம் காலில். வழக்கம்போல் மூலைக் கால்களில் கொடுத்துவிடாதீர்கள்.

4. கோர்ப்பது. முதல் 595இன் 9ஆம் காலிலிருந்து அடுத்ததன் 14ஆம் காலுக்கு டேட்டா போகும். கிளாக் (பிட்டை நகர்த்தும் கம்பி), லாட்ச் (வந்த பிட்டுகளை வெளியே காட்டச் சொல்லும் கம்பி) இரண்டும் எல்லாத் தொகுதிக்கும் பொது. 180 வோல்ட்டுக்கு மட்டும் வேறு வடிவக் கனெக்டர் வையுங்கள், மாற்றிச் சொருக வழியே இருக்கக் கூடாது.

5. நேரம். புரோகிராமை ஓட்ட ஆர்டுயினோ நானோ என்ற சின்ன போர்டு, நேரம் காட்ட டிஎஸ்3231 என்ற கடிகார ஐசி. 5 வோல்ட்டுக்கு, 12 வோல்ட்டைக் குறைத்துத் தரும் தனி பக் கன்வர்ட்டர் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கரண்ட் போனாலும் டிஎஸ்3231 தன் பேட்டரியில் நேரத்தைக் காக்கும். ஆனால் சில மாட்யூல்கள் பேட்டரியை சார்ஜ் செய்யப் பார்க்கும், சிஆர்2032 என்ற பட்டன் பேட்டரி அதற்கானதல்ல. அந்தச் சார்ஜ் ரெசிஸ்டரை எடுத்துவிடுங்கள்.

புரோகிராமில் கடைசித் தொகுதிக்கான பைட்டை முதலில் அனுப்ப வேண்டும். மணியின் முதல் இலக்கத்தில் 0, 1, 2 மட்டுமே எரிவதால் மற்ற எண்களில் படிவு ஏறி மங்கும். ராத்திரியில் சில நிமிடம் எல்லா எண்களையும் ஓட விடுங்கள்.

பெட்டிக்கு மரம்தான் என் விருப்பம். அம்பாசமுத்திரத்தில் மரச்சொப்பு கடைபவர்களிடம் குழாய்க்கு வளையம் கடைந்து தரக் கேட்டுப் பாருங்கள். பின்பக்கம் காற்றோட்டத்துக்கு ஓட்டை வேண்டும், விரல் நுழையாத அளவில்.