அட்டையின் மறுபக்கம்

அம்மாவுக்குப் பிரஷர் பார்க்க வரும் நேர்ஸ் தங்கச்சி, போன வருடம் கச்சான் காற்று உரத்து வீசிய ஒரு நாள், அம்மாவின் கைப்பட்டியைக் கழற்றி என் கையில் சுற்றினாள். "அம்மாக்கு நல்லாத்தான் இருக்கு அக்கா. உங்களுக்கும் ஒருக்காப் பார்ப்பம்." 158க்கு 96. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அன்று காலையில்தான், கஞ்சிக் கோப்பையைத் தட்டி ஊற்றிவிட்டா என்று அம்மாவைப் பார்த்துக் கத்தியிருந்தேன். பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விளங்காத மனுசி. கத்திவிட்டுக் கிணற்றுக்கட்டில் போய் இருந்தால் கை நடுங்குகிறது. திருகோணமலை உப்புவெளியில் வீட்டோடு தையல் மெசின் போட்டு இருபது வருடமாகிறது. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகள் மலைபோலக் குவியும் மார்கழியில்கூட என் கை நடுங்கியதில்லை.

டொக்டரிடம் போனேன், குளிசை தந்தார், போடுகிறேன். அதை முதலே சொல்லிவிடுகிறேன். இனிச் சொல்லப்போகும் எதுவும் குளிசைக்குப் பதில் இல்லை. ஆனால் அந்தத் தங்கச்சி படலையடியில் செருப்பைப் போட்டுக்கொண்டு ஒரு கதை சொன்னாள்: "இந்த வீட்டில ரெண்டு நோயாளி எண்டு நினைச்சு நடவுங்க அக்கா." அம்மாவின் கட்டில் தலைமாட்டில் ஒரு அட்டை தொங்குகிறது. 7 மணிக்குக் குளிசை, 10 மணிக்குக் காலுக்கு எண்ணெய் பூசி மடக்கி நீட்டுவது, 4 மணிக்குக் கதிரையில் இருத்துவது. அதில் ஒன்றும் தவறியதில்லை. எனக்கோ எல்லாமே 'நேரம் கிடைச்சாப் பார்ப்பம்'. அன்றிரவு அந்த அட்டையைத் திருப்பி, மறுபக்கத்தில் என் பெயரை எழுதினேன்.

நீங்களும் எழுதிப் பாருங்கள். வீட்டில் படுக்கையில் ஒருவர் இருக்கலாம், வேலை போயிருக்கலாம், பிள்ளை வெளிநாட்டில் என்ன பாடோ என்று இருக்கலாம். காரணம் எதுவென்றாலும் அட்டை ஒன்றுதான். நாலு வரிக்கு மேல் வேண்டாம். நான் முதலில் பதினொரு வரி எழுதினேன். மூன்றாம் நாள் அதைப் பார்க்கவே எரிச்சல் வந்து ஏழு வரியை வெட்டினேன்.

முதல் வரி: 5.40, கிணற்றுக்கட்டு. போனைத் தொட முதல், அடுப்பு மூட்ட முதல். முதுகை நிமிர்த்தி இருந்து, மனதுக்குள் நாலு எண்ணும் வரை மூக்கால் மூச்சை எடுங்கள். ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். உள்ளே பிடித்துவைக்கத் தேவையில்லை. எடுப்பதைவிட விடுவது நீளமாக இருந்தால் போதும். மூச்சை விடும்போதுதான் இதயத் துடிப்பு தணியும், அதைக் கொஞ்சம் இழுத்துக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். ஐந்து நிமிடம். தலை சுற்றினால் விட்டுவிட்டுச் சாதாரணமாக மூச்செடுங்கள். எனக்கு எண்ணிக்கை பிடிபடாமல் முதல் கிழமை முழுக்கக் கோபம்தான் வந்தது. பிறகு எண்ணுவதை விட்டு, பழைய கால்மெசினை மெதுவாக மிதிப்பதுபோலப் பாதத்தை அசைத்தேன்: நாலு மிதி உள்ளே, ஆறு மிதி வெளியே. உங்கள் கைக்கோ காலுக்கோ பழகின வேலை ஒன்று இருக்கும். அதன் தாளத்தில் எண்ணினால் மனம் முரண்டு பிடிக்காது.

இரண்டாவது வரி: பகல் 2 மணி, கடைசித் தேத்தண்ணி. இதற்குத்தான் வீட்டுக்கு வருகிறவர்கள் என்னை முறைக்கிறார்கள். முன்பு இரவு ஒன்பது மணிக்கும் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு, நித்திரை வரவில்லை என்று முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். தேயிலையில் உள்ள கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் எடுக்கும். அது தெரிந்த பிறகு பின்னேரத்துக்கு மல்லித்தண்ணிதான். இரண்டு மேசைக்கரண்டி கொத்தமல்லியை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை மட்டும் வறுக்க வேண்டும். கறுக்க விட்டால் கசக்கும். பெருவிரல் நுனியளவு வேர்க்கொம்பை, அதாவது சுக்கை, தட்டிப் போட்டு, மூன்று கோப்பைத் தண்ணீரை இரண்டாக வற்றவிட்டு வடியுங்கள். ஒரு கடி பனங்கட்டியோடு குடித்தால் தேத்தண்ணி குடித்த திருப்தி பாதியாவது வரும். மீதிப் பாதி வராது, பொய் சொல்லமாட்டேன்.

மூன்றாவது வரிதான் என்னைக் காப்பாற்றியது. பின்னேரம் 5.30, கவலைக் கொப்பி.

அளவு எழுதும் சீ.ஆர். கொப்பி ஒன்றைத் திருப்பிவைத்துப் பின்பக்கத்திலிருந்து தொடங்கினேன். பதினைந்து நிமிடத்துக்கு மணிக்கூட்டை வைத்துவிட்டு, அன்றைய கவலை எல்லாவற்றையும் எழுதுவது. எழுத்துப்பிழை பார்க்கக்கூடாது, வாசித்துப் பார்க்கவும் கூடாது. முதல் நாள் பக்கம் இப்படி இருந்தது: "கரண்ட் பில். அம்மாட கிளினிக் வியாழன், ஓட்டோவுக்குச் சொல்லேல்ல. தம்பி வாங்கின காசு. மகன் கட்டார்ல இருந்து எடுத்து நாலு நாள். நீலச் சட்டைக்குக் கழுத்துப் பெரிசாப் போச்சு, அந்தப் பிள்ளைட தாய் என்ன சொல்லுவாவோ. அம்மா செத்துப்போனா நான் என்ன செய்வன். அம்மா சாகாம இப்பிடியே கிடந்தா நான் என்ன செய்வன்."

கடைசி இரண்டு வரியையும் எழுதிவிட்டுக் கொப்பியை மூடி, மேலே கத்தரிக்கோலை வைத்தேன். யாரும் திறந்துவிடுவார்கள் என்ற பயம். அன்று அழுதேன்தான். பிறகு வாசித்ததில் தெரிந்தது, எழுதியவுடன் மனம் பாரமாவது வழமைதானாம். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், பல்கலைக்கழக மாணவர்களை நாலு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் எழுத வைத்தார். தங்கள் மனக்காயத்தை உணர்ச்சியோடு எழுதியவர்கள் எழுதிய கையோடு சோர்ந்துதான் போனார்கள். ஆனால் அடுத்த மாதங்களில் அவர்கள் வைத்தியரிடம் போனது, சாதாரண விசயங்களை எழுதியவர்களைவிடக் குறைவு.

மணி அடித்ததும் ஒவ்வொரு கவலைக்குப் பக்கத்திலும் ஒரு குறி போடுங்கள். நாளைக்கு நான் செய்யக்கூடியது என்றால் புள்ளி, என் கையில் இல்லாதது என்றால் வட்டம். ஓட்டோவுக்குப் புள்ளி. கழுத்துக்குப் புள்ளி, பிரித்துத் தைக்க அரை மணித்தியாலம். மகனுக்கு வட்டம். அம்மாவின் இரண்டு வரிக்கும் வட்டம். புள்ளிகளில் ஒன்றை மட்டும் அடுத்த நாள் முடித்தால் போதும். இரவு பதினொரு மணிக்கு வட்டங்களில் ஏதாவது எழும்பி வந்தால், "நாளைக்கு அஞ்சரைக்கு வா" என்று சொல்லித் திருப்பி அனுப்புவேன், தையல்காசு பாக்கியோடு திரும்பத் துணி கொண்டுவருகிறவர்களுக்குச் சொல்வதுபோல. கேட்பதற்குச் சிரிப்பாக இருக்கும். பத்து நாளில் பழகிவிட்டது.

எந்த நேரம் வைத்தாலும் படுக்கைக்குப் போகும் நேரத்தில் வைக்காதீர்கள். கொப்பி கட்டிலடியில் இருக்கவும் கூடாது.

நாலாவது வரி: இரவு 9 மணி, வாளி. அம்மாவைப் படுக்க வைத்த பிறகு, கணுக்காலுக்கு மேலே வரக்கூடிய அளவு சுடுதண்ணி. முழங்கையை விட்டுப் பார்த்தால் இதமாக இருக்க வேண்டும், சுள்ளென்று இருக்கக்கூடாது. ஒரு பிடி உப்பு நான் போடுவதுண்டு. வேலை செய்வது சூடுதான் என்பது தெரியும், ஆனால் உப்புப் போட்டால்தான் எனக்குச் செய்த மாதிரி இருக்கும். பதினைந்து நிமிடம். பாதத்து இரத்தக்குழாய்கள் விரிந்து உள்ளுடம்பின் சூடு வெளியே போகும், உள்ளே சூடு குறையும்போது உடம்பு நித்திரைக்கு ஆயத்தமாகும். துவாயால் விரலிடுக்கெல்லாம் துடையுங்கள், இல்லாவிட்டால் சேற்றுப்புண். நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாதம் மரத்திருக்கலாம், சூடு தெரியாமல் வெந்துபோகும். அவர்கள் கட்டாயம் வேறொருவரைக் கொண்டு தண்ணீரைப் பார்க்கச் சொல்லவேண்டும், வெதுவெதுப்பே போதும். கச்சான் வீசும் மாதங்களில் ஒன்பது மணிக்கும் சுவர் கொதிக்கும். அப்போது கிணற்றுத் தண்ணியை அப்படியே ஊற்றிக் காலை வைப்பேன்.

வாளிக்குள் காலை வைத்தால் எனக்குத் திருகோணமலைக்குப் பக்கத்துக் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஞாபகம் வரும். சின்ன வயதில் அம்மா எங்களைக் கூட்டிப்போய், ஏழு கிணற்றிலும் ஒவ்வொன்றாக அள்ளி ஊற்றுவா. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சூடு. தாய் செத்த துக்கத்தில் கடமை கழிக்க இராவணன் வாளால் குத்தி உண்டாக்கின கிணறுகள் என்று கதை சொல்லுவா. இப்போதும் எங்கள் சனம் செத்தவர்களுக்கான அந்தியேட்டிக் கிரியைக்கு அங்கே போகிறது. துக்கக்காரனுக்குச் சுடுதண்ணி வார்க்க வேண்டும் என்று யாரோ எப்போதோ சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

வாளி நேரத்தில் போன் தையல்மெசின் லாச்சிக்குள். இதை எனக்குப் படிப்பித்தது இலங்கையின் பொருளாதார நெருக்கடி வருடம், 2022. மார்ச் மாதக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். மோட்டர் மெசின் சும்மா கிடந்தது, அடுப்புக்குக் காஸ் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. அவ்வளவு கஷ்டத்துக்குள்ளும் எட்டரைக்குப் படுத்து விடிய எழும்பினேன். கரண்ட் வந்த பிறகுதான் நித்திரை போனது.

அட்டையில் இல்லாதது ஞாயிற்றுக்கிழமை. மச்சாளிடம் வாய்விட்டுக் கேட்டேன், "ரெண்டு மணித்தியாலம் அம்மாவோட இருப்பீங்களா?" கேட்க எனக்கு ஒரு வருடம் எடுத்தது, அவ ஓம் என்று சொல்ல ஒரு வினாடி எடுக்கவில்லை. "உதவி வேணும்" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள், எவராலும் பதில் சொல்ல முடியாது. கிழமை, நேரம், வேலை மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். முதல் ஞாயிறு அந்த இரண்டு மணித்தியாலமும் நான் குசினி அலுமாரியை இறக்கிக் கழுவினேன். மச்சாள் வந்து பார்த்துவிட்டு, "இதுக்கோ என்னைக் கூப்பிட்டனீங்க?" என்று பாயை எடுத்து விறாந்தையில் போட்டா.

இதெல்லாம் செய்தும் இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பிடித்த எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் அட்டையோடு நிற்காதீர்கள், வைத்தியரிடம் போங்கள். உயிரோடு இருந்து என்ன என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும், இரண்டு கிழமை பார்க்கத் தேவையில்லை. இலங்கையில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 தொலைபேசி இலக்கம் இரவிலும் வேலை செய்யும்.

போன மாதம் ஒருநாள் இரவு வாளியோடு இருந்தேன். நித்திரை என்று நினைத்த அம்மா கட்டிலில் இருந்து குழறின வாயால், "எனக்கும்" என்றா. கதிரையில் இருத்தி, தண்ணியை வெதுவெதுப்பாக்கி, விளங்காத காலை என் கையால் தூக்கி முதலில் வைத்தேன். மற்றக் காலை அவவே வைத்தா. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து,

"சூடு காணாது" என்றா.