ரிப்பேர் பார்த்தும் கார் சரியாகவில்லையா? முதலில் ஜாப் கார்டை எடுங்கள்

பூதக்குடி சுங்கச்சாவடி வரிசையில் நிற்கும்போது டெம்பரேச்சர் முள் ஏற ஆரம்பித்தது. திருச்சியிலிருந்து அப்பாவை மதுரைக்குக் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். பொங்கல் விடுமுறைக் கூட்டம், வண்டிகள் அங்குலம் அங்குலமாக நகர்ந்தன. முள் சிவப்புக் கோட்டைத் தொட்டதும் ஓரங்கட்டி நிறுத்தினேன். அதற்கு ஒன்பது நாள் முன்புதான் இதே கோளாறுக்காக 6,840 ரூபாய் கொடுத்து ஒரு பெரிய ஒர்க்ஷாப்பிலிருந்து காரை எடுத்து வந்திருந்தேன். அப்பாவை வேறு வண்டியில் ஏற்றிவிட்டு, என் காரை இழுவை வண்டியில் திருச்சிக்குத் திருப்பி அனுப்பினேன்.

அன்று ராத்திரி பில்லையும், காரை விடும்போது குறையை எழுதி நம்மிடம் கையெழுத்து வாங்கும் தாளான ஜாப் கார்டையும் எடுத்து வைத்துப் படித்தபோதுதான் என் தவறு புரிந்தது. ஜாப் கார்டில், வாடிக்கையாளர் சொன்ன குறை என்ற இடத்தில், ‘தெர்மோஸ்டாட் மாற்ற வேண்டும்’ என்று எழுதியிருந்தார்கள். இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே கூலண்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு அது. நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஏசி போட்டுக்கொண்டு சிக்னலில் நின்றால் சூடாகிறது என்றுதான் சொன்னேன். சர்வீஸ் அட்வைசர், “தெர்மோஸ்டாட் போயிருக்கும் மேடம், மாத்திடலாம்” என்று சொல்லிக்கொண்டே டைப் செய்தார். நான் கையெழுத்துப் போட்டேன். காகிதத்தின்படி பார்த்தால் நான் தெர்மோஸ்டாட் மாற்றச் சொன்னேன், அவர்கள் மாற்றினார்கள், வேலை முடிந்தது.

கார் ரிப்பேர் தகராறில் பாதி இங்கேதான் தோற்றுப் போகிறது. டாக்டரிடம் போய் வயிற்றை வலிக்கிறது என்றுதான் சொல்வோம், எந்த மாத்திரை வேண்டும் என்று எழுதிக் கொடுக்க மாட்டோம். ஜாப் கார்டிலும் அறிகுறியை மட்டும் எழுதச் சொல்லுங்கள். எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை, எத்தனை நிமிடத்தில், ஏசி போட்டாலா போடாமலா. இரண்டாவது தடவை நானே பேனாவை வாங்கி எழுதினேன்: ‘ஏசி போட்டு நின்றால் 5 நிமிடத்தில் முள் ஏறுகிறது. வண்டி ஓடினால் இறங்கிவிடுகிறது. இதே குறைக்காக முன்பு வேலை பார்த்தும் சரியாகவில்லை.’ பழைய பில் எண்ணையும் பக்கத்தில் குறித்தேன். அந்த மூன்று வரிகள்தான் பின்னால் என்னைக் காப்பாற்றின.

முதல் ரிப்பேர் பலிக்கவில்லை என்று தெரிந்ததும் கோபத்தில் வேறு மெக்கானிக்கிடம் ஓடாதீர்கள். அதே ஒர்க்ஷாப்புக்கு ஒரு வாய்ப்பு கொடுங்கள். இல்லாவிட்டால், வெளியே யாரோ கை வைத்ததால்தான் இப்படி ஆனது என்று சொல்ல அவர்களுக்கு வழி கிடைத்துவிடும். முடிந்தால் அவர்களுடைய ஆளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக் காட்டுங்கள். முள் ஏறுவதையும் கிலோமீட்டர் எண்ணையும் ஒரே வீடியோவில் பிடியுங்கள். கழற்றிய பழைய பாகம் வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள், வேலை முடிந்த பிறகு கேட்டால் குப்பைக்குப் போய்விட்டது என்பார்கள். எஸ்டிமேட்டுக்கு மேல் செலவானால் எழுத்தில் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டு வையுங்கள்.

இரண்டாவது தடவை வாட்டர் பம்ப் மாற்றி, ரேடியேட்டர் கழுவி, புதுக் கூலண்ட் ஊற்றி 14,260 ரூபாய் பில் போட்டார்கள். நான்காம் நாள் பால்பண்ணை சிக்னலில் மறுபடி முள் ஏறியது.

பில் கட்டும் இடத்தில் பலருக்கு ஒரு குழப்பம் உண்டு. வேலை பிடிக்கவில்லை என்றால் பணம் கட்டாமல் வண்டியை எடுத்து வரலாமா? இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 170-ஆவது பிரிவு, ஒரு பொருளில் உழைப்பைப் போட்டு வேலை செய்தவர் கூலி வரும்வரை அதைத் தன்னிடம் வைத்திருக்கலாம் என்கிறது. அதனால் கவுன்டரில் நின்று சண்டை போட்டுப் பயனில்லை. பணத்தைக் கட்டுங்கள், ஆனால் அவர்களிடம் இருக்கும் பிரதியில், ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன், குறை சரியானதா என்று இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டு, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். திருப்தி என்று ஏற்கெனவே அச்சடித்த தாளை நீட்டினாலும் இதே வாக்கியத்தை அதில் எழுதிவிட்டுத்தான் கையெழுத்து. பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். பில் தர மறுப்பதையே 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக முறை என்கிறது.

மூன்றாவது தடவை சூடானதும், பாலக்கரையில் ஆட்டோ எலக்ட்ரிக் வேலை பார்க்கும் ஒரு பாயிடம் போகத் தீர்மானித்தேன். போவதற்கு முன் ஒர்க்ஷாப்புக்கு ஒரு மெயில் அனுப்பினேன்: நாளை காலை 10 மணிக்கு வெளியே காட்டப் போகிறேன், உங்கள் ஆள் வந்து கூட இருந்து பார்க்கலாம். யாரும் வரவில்லை. பாய் பானட்டைத் திறக்கும் முன்பே, “நிக்கும்போது மட்டும் சூடாகுதுன்னா ஃபேனைத்தாம்மா மொதல்ல பாக்கணும்” என்றார். ஓடும்போது காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும், நின்றால் ஃபேன்தான் கதி. ஏசி போட்டுவிட்டுக் காத்திருந்தோம், ஃபேன் சுற்றவில்லை. ஃபேனுக்கு மின்சாரத்தை விடும் சுவிட்ச்தான் ரிலே. அவர் அந்த ரிலே செருகியிருக்கும் சாக்கெட்டைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். வெள்ளையாக இருக்க வேண்டிய பிளாஸ்டிக் ஒரு மூலையில் கருகி உருகி, வெல்லப்பாகு உறைந்த மாதிரி பழுப்பாக இருந்தது. ரிலே, சாக்கெட், கூலி எல்லாம் சேர்த்து 1,150 ரூபாய்.

அவரிடம் இரண்டு உதவி கேட்டேன். என்ன கண்டுபிடித்தார், எதை மாற்றினார், அதன் பிறகு முள் எங்கே நின்றது என்பதை அவர் கடை லெட்டர்பேடில் தேதி போட்டு எழுதித் தந்தார். கருகிய சாக்கெட்டைத் தூக்கிப் போடாமல் என்னிடமே கொடுத்தார். இது முக்கியம். வழக்கு என்று போனால், பொருளை ஆய்வுக்கு அனுப்ப நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் சரிசெய்த காரை ஆய்வு செய்து பழைய கோளாறை யாராலும் காட்ட முடியாது. அந்தப் பாகமும் போட்டோவும் கடிதமும்தான் மிஞ்சும்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ரிப்பேர் பலிக்காத ஒவ்வொரு தடவையும் சட்டப்படி குறைபாடு ஆகிவிடாது. சில கோளாறுகளைப் படிப்படியாகத்தான் தேட முடியும். அதை முன்கூட்டியே சொல்லி, நம் சம்மதத்தோடு செய்தால் மெக்கானிக் மேல் தவறில்லை. புதிதாக வந்த வேறொரு கோளாறுக்கும் அவர் பொறுப்பில்லை. வேலையின் தரத்திலும் செய்த விதத்திலும் குறை, கவனக்குறைவு, சொல்ல வேண்டியதை மறைத்தது, இவற்றைத்தான் சட்டம் சேவைக் குறைபாடு என்கிறது. அதை நிரூபிக்க வேண்டியது நாம்தான். என் விஷயத்தில், நின்றால்தான் சூடாகிறது என்று எழுதிக் கொடுத்த பிறகும் ஃபேன் சுற்றுகிறதா என்று ஒரு தடவைகூடப் பார்க்காமல் பம்பை மாற்றினார்கள். கவனக்குறைவு என்று நான் சொன்னது இதைத்தான்.

அடுத்து நோட்டீஸ். வக்கீல்தான் அனுப்ப வேண்டும் என்பதில்லை. ஒரு பக்கம் போதும்: வண்டி எண், இரண்டு பில் எண்கள், எழுதிக் கொடுத்த அறிகுறி, மறுபடி வந்த தேதிகள், வெளியே கண்டுபிடித்தது, எவ்வளவு பணம் திரும்ப வேண்டும், 15 நாள் அவகாசம். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்யுங்கள். அவர்கள் ஒர்க்ஷாப்பிடம் பதில் வாங்கித் தருவார்கள், உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. எனக்கு வந்த பதில், ‘வாகனம் பரிசோதிக்கப்பட்டது, குறை இல்லை’ என்ற ஒற்றை வரி. அதையும் பிரிண்ட் எடுத்து ஃபைலில் வைத்தேன்.

அப்புறம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை இருந்தால் இங்கேதான் போக வேண்டும், 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. கணக்கில் வருவது ரிப்பேருக்குக் கொடுத்த பணம், காரின் விலை அல்ல. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் அந்த 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஒர்க்ஷாப் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். நெடுஞ்சாலையில் எங்கோ ரிப்பேர் பார்த்தவர்களுக்கு இது பெரிய வசதி. இரண்டு வருடத்துக்குள் போட்டாக வேண்டும். இணையத்தில் நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம், நீங்களே வாதாடலாம். டாக்சி ஓட்டுகிறவர்கள் தயங்க வேண்டாம். சொந்தப் பிழைப்புக்காகத் தானே ஓட்டும் வண்டி என்றால் அவர்களும் நுகர்வோர்தான். அதைப் புகாரில் தெளிவாக எழுதிவிடுங்கள்.

கேட்கும் தொகையை ஊதிப் பெருக்காதீர்கள். நான் இரண்டு பில்களின் 21,100 ரூபாய், இழுவை வண்டிக்குக் கொடுத்த 4,500, மன உளைச்சலுக்கும் செலவுக்கும் 10,000 கேட்டேன். முதல் இரண்டுக்கும் ரசீது இருந்தது. எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், ஆணையம் கூடுதலாக 15 நாள் தரலாம், அதற்கு மேல் நீட்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020-இல் தீர்ப்பளித்திருக்கிறது. அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

என் வழக்கு சமரசத்தில் முடிந்தது. அவர்களுடைய வக்கீல் முதல் ஜாப் கார்டைக் காட்டி, கேட்டதைத்தான் செய்தோம் என்றார். நான் இரண்டாவதைக் காட்டினேன், பக்கத்தில் கருகிய சாக்கெட்டை வைத்தேன். 14,260 ரூபாயும் இழுவைச் செலவும் முழுதாக வந்தன, முதல் பில்லில் பாதிதான் கிடைத்தது. மீதி 3,420 ரூபாய் போனது அந்த ஒரு வரிக்கு நான் படிக்காமல் போட்ட கையெழுத்தால்.

சமரசம் என்றால் வாய்ப்பேச்சோடு விடாமல், தொகையும் தேதியும் போட்டு ஆணையத்தின் பதிவில் ஏற்றச் சொல்லுங்கள். ஆணையத்தின் உத்தரவை மீறினால் ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, அல்லது 25,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 72-ஆவது பிரிவு சொல்கிறது. பணம் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகுதான் பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கொடுத்தேன்.