காலனிய கால மலைக்கோட்டைகளின் வரலாற்றை ஆவணப்படுத்துவது எப்படி?

மலைக்கோட்டை ஒன்றின் வரலாற்றை எழுத முற்படுபவர், வாயிலில் பொறித்த ஒற்றை ஆண்டை வைத்துக் கட்டடம் முழுவதற்கும் வயது சொல்லிவிடக் கூடாது. திருகோணமலைத் துறைமுக வாயிலில் உள்ள ஒஸ்டன்பர்க் கோட்டையை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் 1782 ஜனவரியில் கைப்பற்றினர். அதே ஆண்டிலேயே அது பிரெஞ்சுக்காரர் வசமாகி, பிறகு ஒல்லாந்தருக்குத் திரும்பி, 1795இல் மறுபடியும் ஆங்கிலேயரிடம் சென்றது. இத்தகைய இடத்தில் எந்தச் சுவர் யாருடையது என்பதைச் சுவரிடமே கேட்க வேண்டும்.

பல கோட்டைகள் இன்றும் படைத்துறையின் கட்டுப்பாட்டிலோ தொல்லியல் பாதுகாப்பிலோ இருப்பதால், எழுத்து வழி அனுமதி பெற்ற பின்னரே களத்தில் இறங்குங்கள். கொத்தளம், பீரங்கி மேடை, வெடிமருந்துக் கிடங்கு, நீர்த்தொட்டி ஆகிய ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, அளவுகோலும் திசைக்குறியும் தெரியும்படி படமெடுங்கள். இரண்டு சுவர்கள் கல் கோத்துப் பிணையாமல் செங்குத்தான பிளவோடு ஒட்டி நின்றால், ஒன்றின் முகப்பில் வந்து முட்டும் சுவரே பெரும்பாலும் பிற்காலத்தது. செடிகொடிகளைப் பிடுங்கிவிட்டுப் படமெடுக்கும் ஆசை எழும். வேர்களோடு கல்லும் பெயர்ந்துவிடும் என்பதால் அதை அடக்கிக்கொள்வதே நல்லது. பீரங்கி மேடை எத்திசையை நோக்குகிறது, அங்கிருந்து கடலோ கணவாயோ எவ்வளவு தெரிகிறது என்பதையும் குறியுங்கள். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்த காரணம் பெரும்பாலும் அதிலேதான் இருக்கும்.

பீரங்கிகள் கிடைத்தால் நிதானமாகப் படியுங்கள், ஏனெனில் இரும்பில் பொறித்த குறிகளைப் போலத் தெளிவான சான்று களத்தில் வேறில்லை. பழைய ஆங்கிலப் பீரங்கியில் 32-2-14 என்று இருந்தால், அது ஆண்டோ வரிசை எண்ணோ அன்று, எடை: 112 பவுண்டு கொண்ட அந்தர் 32, அதன் காற்பங்கான 28 பவுண்டு இரண்டு, மீதி 14 பவுண்டு, ஆக 3,654 பவுண்டு. ஒல்லாந்தர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பீரங்கிகளில் V, O, C என்ற எழுத்துகளைப் பின்னிய அதன் சின்னம் இருக்கும். ஆயினும் பீரங்கிகள் இடம் மாற்றப்பட்டவை. பீரங்கியின் வயது மேடையின் வயதாகிவிடாது.

அடுத்தது ஆவணக் காப்பகம். லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் போர்த்துறைக் கோப்புகளும் கோட்டை வரைபடங்களும் உள்ளன; ஒல்லாந்தர் கம்பெனியின் ஆவணங்களுக்கு ஹேக் நகரத் தேசியக் காப்பகத்தை நாட வேண்டும். பொறியாளர் வரைந்த திட்டமெல்லாம் கட்டி முடிக்கப்பட்டதாகக் கொள்ளாமல், களத்தில் எடுத்த அளவுகளோடு ஒப்பிடுங்கள். பிரிட்டன் 1752இல்தான் பழைய ஜூலியன் நாட்காட்டியை விட்டு, ஒல்லாந்தர் ஏற்கெனவே பின்பற்றிய கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியது என்பதால், பதினெட்டாம் நூற்றாண்டில் அதற்கு முந்தைய ஆங்கிலத் தேதி ஒல்லாந்தர் தேதிக்குப் பதினொரு நாள் பின்தங்கியிருக்கும். ஒரே நிகழ்வை இரண்டாக எண்ணிவிடாதீர்கள்.

தளபதிகளின் பெயர்கள் எளிதில் கிடைக்கும். கல் சுமந்தவர்களைத் தேடித்தான் காண வேண்டும். கரீபியனில் செயிண்ட் கிட்ஸ் தீவின் பிரிம்ஸ்டோன் மலைக்கோட்டையை எழுப்பியவர்கள் அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள். கூலிப் பட்டியல், உணவு வழங்கல் கணக்கு, மருத்துவமனைப் பதிவேடு ஆகியவற்றோடு, அருகில் வாழும் முதியவர்களின் வாய்மொழியையும் அவர்கள் ஒப்புதலுடன் பதிவு செய்யுங்கள்.

இறுதி அறிக்கையில் நேரில் கண்டது, ஆவணம் சொல்வது, உங்கள் ஊகம் ஆகிய மூன்றையும் தனித்தனியே குறித்து, மூலப் படங்களோடு ஒரு படியை நூலகத்திலோ அருங்காட்சியகத்திலோ ஒப்படைத்துவிடுங்கள்.