மையமில்லாத சமூக வலைத்தளம்: மலையகத்தில் தொடங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேஸ்புக்கை மட்டும் நம்பியிருக்கக் கூடாது, நமக்கென்று ஓர் இடம் வேண்டும் என்ற பேச்சு இலங்கையின் மலையக இளைஞர்களிடம் அடிக்கடி எழுகிறது. அதற்குக் காரணம் இருக்கிறது. 2018 மார்ச்சில் திகனையிலும் கண்டியைச் சுற்றியும் முஸ்லிம் மக்கள் மீது வன்முறை நடந்தபோது, வெறுப்பைத் தூண்டும் பதிவுகள் பேஸ்புக்கில் தாராளமாகச் சுற்றின. அவற்றைப் பார்த்து நீக்க, சிங்களம் தெரிந்த ஆட்கள் அந்த நிறுவனத்திடம் போதுமான அளவு இருக்கவில்லை. மன்னிப்புக் கேட்க 2020 மே ஆகிவிட்டது. நம் மலையில் எரிவதைக் கடல் கடந்த ஓர் அலுவலகம் பார்த்துக்கொள்ளும் என்று இனியும் இருந்துவிட முடியாது.

ஆகவே மாஸ்டடோன், புளூஸ்கை, நொஸ்டர் என்று தேடிப் போகிறார்கள். எல்லாம் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்காமல், வெவ்வேறு ஆட்கள் நடத்தும் பல சேவையகங்களில், அதாவது கணக்குகளையும் பதிவுகளையும் வைத்திருக்கும் கணினிகளில், இயங்கும் வகையில் அமைக்கப்பட்டவை இவை. போனவர்களில் பலர் கொஞ்ச நாளில் பழைய வட்ஸ்அப் குழுவுக்கே திரும்பிவிடுகிறார்கள். குறை அவர்களிடம் இல்லை. அழைத்துப் போகிறவர்கள் செய்யும் சில தவறுகளே காரணம்.

முதல் தவறு வாசலிலேயே நடக்கிறது. பொகவந்தலாவையில் ஏ.எல். படிக்கும் தங்கச்சி ஒருத்தியிடம் "மாஸ்டடோனில் சேரம்மா" என்று சொல்லிவிட்டு, ஒரு நீளமான சேவையகப் பட்டியலை நீட்டினால் அவள் என்ன செய்வாள்? எது யாருடையது, எதில் தமிழ் பேசுகிறார்கள், பிறகு மாற்ற முடியுமா, ஒன்றும் தெரியாது. போனைக் கீழே வைத்துவிடுவாள். மாஸ்டடோனை நடத்துபவர்களே இதை உணர்ந்து, 2023 இல் தங்கள் செயலியில் புதியவர்களை நேராகப் பெரிய சேவையகத்துக்கு அனுப்பும் வழியை முன்னால் வைத்தார்கள். மையம் கூடாது என்பவர்கள் அதைக் குறை சொன்னார்கள். என் பார்வையில் அந்த முடிவு சரி. புதிதாக வருகிறவருக்கு ஒரே ஓர் இணைப்பை அனுப்புங்கள். எந்தச் சேவையகம் என்பதை அழைக்கிற நீங்களே முடிவு செய்யுங்கள்.

அந்த ஒரே வாசல் நாளைக்கு ஒரே கூரையாகிவிடாதா? ஆகும். அதுதான் அடுத்த தவறு. புளூஸ்கை 2024 பெப்ரவரியில் எல்லோருக்கும் திறந்தபோது பலருக்கும் பிடித்துப்போனதற்குக் காரணம், அது பழைய ட்விட்டர் போலவே இருந்தது. பயனர்பெயர், கடவுச்சொல், அப்புறம் பதிவு, அவ்வளவுதான். ஆனால் பெரும்பாலானவர்களின் கணக்குகள் அந்த நிறுவனத்தின் சேவையகங்களிலேயே இருக்கின்றன. கணக்குகளின் அடையாளங்களைப் பதிந்து வைக்கும் பதிவேட்டை உருவாக்கியதும் அதே நிறுவனம்தான். உள்ளே மறைந்திருக்கும் இந்த மையத்தைச் சாதாரணப் பயனர் கவனிப்பதேயில்லை.

மையமா, மையமில்லையா என்று மொத்தமாகக் கேட்பதால் வரும் குழப்பம் இது. பகுதி பகுதியாகக் கேட்க வேண்டும். தேடல் ஓரிடத்தில் இருந்தால் பரவாயில்லை. அது கெட்டால் வேறொன்று வரும். நுழைவாயில் ஒன்றாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் உங்கள் பெயரும், உங்களைப் பின்தொடர்பவர்களும், நீங்கள் எழுதியதும் ஒருவரின் தயவில் இருக்கக் கூடாது. சிக்னல் செயலியை உருவாக்கிய மொக்சி மார்லின்ஸ்பைக், மையமாக நடக்கும் சேவைதான் வேகமாக மாற முடியும், பலர் கையில் பிரிந்து கிடக்கும் நெறிமுறை (சேவையகங்கள் பேசிக்கொள்ளும் பொது விதி) தேங்கிவிடும் என்று 2016 இலேயே வாதிட்டார். வேகத்தைப் பற்றி அவர் சொன்னது சரிதான். ஆனால் சொந்தப் பத்திரிகை, சொந்தத் தொலைக்காட்சி என்று பெரிதாக எதுவும் இல்லாத ஒரு சமூகத்துக்கு, புது வசதி தாமதமாக வருவதைவிட எழுதியது காணாமல் போவதுதான் பெரிய இழப்பு.

இப்போது பயனர் கணக்கைத் தொடங்கும் வேலைக்கு வருவோம். இங்கேதான் அதிகம் பேர் விழுகிறார்கள், யாரும் இதைப் பற்றி எழுதுவதில்லை. நம் ஊர்களில் பலருடைய மின்னஞ்சல் கணக்கு, டவுனில் உள்ள கொமியூனிகேஷன் கடையில் புது போனோடு சேர்த்து அமைத்துக் கொடுக்கப்பட்டது. கடவுச்சொல் கடைக்காரத் தம்பிக்குத் தெரியும், அல்லது அவருக்கும் மறந்திருக்கும். பேஸ்புக்கில் போன் இலக்கம் போதும் என்பதால் இத்தனை நாளும் இது பிரச்சினையாகத் தெரியவில்லை. மாஸ்டடோன் சேவையகங்கள் மின்னஞ்சலைத்தான் கேட்கும். கடவுச்சொல்லை மீட்கும் கடிதமும் அங்கேதான் போகும். எனவே கணக்குத் தொடங்குமுன் மின்னஞ்சலைச் சரிசெய்து கொடுங்கள். அதே மேசையில், அதே நாளில். நொஸ்டர் இன்னும் கடுமையானது. அங்கே உங்கள் அடையாளம் ஒரு நீண்ட இரகசியச் சாவிதான். தொலைந்தால் மீட்டுத் தர யாருமில்லை, திருடுபோனால் மாற்றவும் முடியாது. மழைக்காலத்தில் லயத்துக் கூரை ஒழுகி போன் நனைந்துபோகிற இடத்தில், அதை முதல் அனுபவமாகப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது.

டேட்டாவையும் மறக்க வேண்டாம். பலர் ரீலோட் செய்வது வட்ஸ்அப், பேஸ்புக் போன்றவற்றுக்கு மட்டும் செல்லுபடியாகும் பெக்கேஜ். புதிய செயலி அதில் ஓடாது, அல்லது மெயின் பெலன்ஸைத் தின்றுவிடும். வீடியோ தானாக ஓடுவதை நிறுத்தி வைக்கச் சொல்லிக் கொடுங்கள்.

சேவையகத்தை நாமே நடத்தலாமே என்று ஆர்வமுள்ள ஒருவர் முன்வருவார். நல்ல விஷயம்தான். ஒருவர் மட்டும் நடத்துவதுதான் ஆபத்து. வாடகைக் கட்டணம் பெரும்பாலும் டொலரில் வரும். 2022 இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 350 ஐத் தாண்டியபோது என்ன ஆனது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். மாஸ்டடோன் சேவையகம் மற்றச் சேவையகங்களிலிருந்து வரும் படங்களையும் தன்னிடம் பிரதி எடுத்து வைக்கும். அதனால் பயனர்கள் சிலரே என்றாலும் சேமிப்பிடம் நிறைந்துகொண்டே போகும். நடத்துகிறவர் களைத்தால், வெளிநாடு போனால், எல்லோருடைய கணக்கும் அவரோடு போய்விடும்.

பணத்தைவிட நுட்பமான சிக்கல் ஒன்றும் உண்டு. மலையகத்தில் தொழிற்சங்கமும் கட்சியும் பின்னிப் பிணைந்தவை. ஒரு சங்கத்துக்கு நெருக்கமானவர் கையில் மட்டும் சேவையகம் இருந்தால், சம்பளம் பற்றியோ தோட்ட நிர்வாகம் பற்றியோ மற்றவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். வெவ்வேறு பகுதிகளைச் சேர்ந்த மூன்று பேரிடமாவது நிர்வாக அனுமதி இருக்க வேண்டும். அதில் ஒரு பெண்ணாவது கட்டாயம் இருக்கட்டும். தொல்லை கொடுப்பவனைப் பற்றி முறையிட ஓர் அக்காவாவது இல்லையென்றால் பெண்பிள்ளைகள் ஒருநாள் சொல்லாமலே போய்விடுவார்கள். இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்த 2024 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும் நடத்துகிறவர்கள் படித்து வைத்திருக்க வேண்டும்.

தனிச்செய்தி விஷயத்தில் தயவுசெய்து யாரையும் ஏமாற்றாதீர்கள். மாஸ்டடோனின் தனிச்செய்தி முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்பட்டதல்ல, அதாவது அனுப்புகிறவரும் பெறுகிறவரும் மட்டுமே படிக்கும்படி பூட்டப்பட்டதல்ல. சேவையகத்தை நடத்துகிறவர் நினைத்தால் படிக்கலாம். போதாததற்கு, அந்தச் செய்திக்குள் மூன்றாம் ஆளின் பெயரை @ குறியோடு எழுதினால் அது அவருக்கும் போய்விடும். தோட்டத்தை நிர்வகிக்கும் துரையைப் பற்றி இரகசியமாகப் பேசுகையில் அவர் பெயரையே அப்படி எழுதினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இரகசியத்துக்கு சிக்னல் இருக்கிறது.

மையமில்லாததை அரசாங்கத்தால் தடுக்க முடியாது என்பதும் தவறான நம்பிக்கை. 2018, 2019, 2022 என்று இந்த நாட்டில் சமூக வலைத்தளங்கள் தடுக்கப்பட்டிருக்கின்றன. எல்லோரும் ஒரே சேவையகத்தில் இருந்தால் அந்த ஒரு முகவரியைத் தடுத்தால் போதும். முகவரியே பறிபோவதும் உண்டு: ஆப்கானிஸ்தானின் இணைய முகவரியில் நடந்துவந்த ஒரு மாஸ்டடோன் சேவையகம், தலிபான் அரசு அந்த முகவரியை இரத்து செய்ததால் 2024 பெப்ரவரியில் முடங்கியது.

கடைசியாக, தொடங்கிய சில மாதங்களுக்குள் ஒருவருடைய கணக்கை உண்மையிலேயே வேறு சேவையகத்துக்கு மாற்றிப் பாருங்கள். மாஸ்டடோனில் பின்தொடர்பவர்கள் கூட வருவார்கள், பழைய பதிவுகள் வராது. பழைய சேவையகம் இயங்கிக்கொண்டிருந்தால்தான் அந்த மாற்றமும் நடக்கும். மூடிய பிறகு வழியில்லை. 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் மக்கள் நடந்தார்களே, அந்த நடைபயணத்தின் படங்கள் போன்றவற்றை எந்தச் சேவையகத்தையும் நம்பி மட்டும் விடாதீர்கள். பின்தொடர்வோர் பட்டியலையும் பதிவுகளையும் இறக்கி, படங்களோடு சேர்த்து ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டு, சேவையகம் நடத்துகிறவரின் வீட்டில் அல்லாமல் வேறொருவர் வீட்டில் வையுங்கள்.