போர்வை தைத்து மிஞ்சிய துண்டுத் துணிகளை என்ன செய்யலாம்?

ஒட்டுப் போர்வை தைத்து முடித்த அன்றைக்கே, இஸ்திரிப் பெட்டியும் கத்தரிக்கோலும் வெளியே இருக்கும்போதே, மிஞ்சிய துணியைப் பிரித்து வைத்துவிடுங்கள். மூட்டையாகக் கட்டிப் பரண்மேல் போட்டால் அது அப்புறம் கீழே இறங்காது. நான் குழந்தைகளுக்குப் போர்வை தைக்கிறேன். எங்கள் தெரு டெய்லர் அக்கா தரும் பிளவுஸ் வெட்டுத் துணியும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

நிறம் பார்த்துப் பிரிக்க வேண்டாம். முதலில் பருத்தியைத் தனியாக எடுங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி, காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். அடர் சிவப்பு, கருநீலத் துணிகளை ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் போர்வைக்கு வேண்டாம்.

அடுத்தது அகலம். இரண்டரை இஞ்ச் வருவதையெல்லாம் அதே அகலத்துக்குப் பட்டியாக வெட்டுங்கள். இரண்டு பக்கமும் கால் இஞ்ச் தையலுக்குப் போக, சரியாக 2 இஞ்ச் நிற்கும். அடுத்த போர்வைக்கு அது தயார்.

அதைவிட ஒல்லியான, கோணல்மாணலான துண்டுகளுக்கு எனக்குத் தெரிந்து காகிதத் தையலுக்கு மேல் வழியில்லை. எழுதாத நோட்டுத் தாளை 7 இஞ்ச் சதுரமாக வெட்டுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை வெளிர் துணியில் ஏறும். ஒரு பட்டியை மூலைக்கு மூலை, நல்ல பக்கம் மேலே தெரிய வையுங்கள். அதன்மேல் அடுத்த பட்டியைக் கவிழ்த்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, தாளோடு கால் இஞ்சில் தையுங்கள். விரித்து இஸ்திரி போட்டு, அடுத்த பட்டி. இப்படியே இரண்டு மூலையும் மூடும்வரை. தையல் இஞ்சுக்கு 15 ஆவது இருக்கட்டும், தாள் சுலபமாகக் கிழியும். கடைசியில் ஆறரை இஞ்ச் சதுர அட்டையை வைத்து ஓரம் வெட்டுங்கள், ஒரு கட்டம் தயார்.

தாளை உடனே கிழிக்காதீர்கள். ஓரமெல்லாம் குறுக்குவாட்டில் வெட்டுப்பட்டிருக்கும், இழுத்தால் நீண்டுவிடும். கட்டங்களை இணைத்த பிறகு கிழியுங்கள். நடுப்பட்டி மட்டும் எல்லாக் கட்டத்திலும் ஒரே நிறமாக இருக்கட்டும். எனக்கு மஞ்சள் பிடிக்கும். நான்கு கட்டம் சேரும்போது நடுவில் ஒரு வைரம் வரும், எத்தனை கலர் கலந்திருந்தாலும் பார்க்க ஒழுங்காக இருக்கும். 36 கட்டம் இருந்தால் ஒரு கஜத்துக்கு ஒரு கஜம் குழந்தைப் போர்வை.

ஒற்றைக் கட்டம் மிஞ்சினால், நடுவில் பழைய டர்க்கி டவல் இரண்டு மடிப்பு வைத்து அடுப்படிப் பிடிதுணி தைக்கலாம். இதற்குப் பருத்தி மட்டும்தான். சூட்டில் பாலியஸ்டர் உருகிக் கையில் ஒட்டும்.

இரண்டு இஞ்ச் சதுரங்களையும் வீணாக்காதீர்கள். கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகப் பெண்கள், கவந்தி என்னும் தங்கள் ஒட்டுப் போர்வையின் நான்கு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்துத் தைப்பார்கள். இந்த முக்கோணத்தை அவர்கள் பூ என்பார்கள். பூ வைக்காமல் போர்வை முடிந்ததாகாது என்பது அவர்கள் வழக்கம். நானும் அப்படி மடித்துத் தைக்கிறேன், மூலைகள் அத்தனை அழகாகின்றன.

மிச்சப் பொடியும் ஒதுக்கிய பாலியஸ்டரும் உட்காரும் திண்டுக்கு அடைக்க ஆகும். நன்றாகப் பொடித்து வெட்டுங்கள், இல்லாவிட்டால் கட்டி தட்டும். அடைப்பதற்கு முன் குவியலுக்குள் ஒரு காந்தத்தை விட்டுத் துழாவுங்கள். குண்டூசி ஏதாவது சிக்கியிருந்தால் வந்துவிடும்.