வெள்ளை லேப்டாப்பில் குழம்பு பட்டால் சோப்பைத் தேடாதீர்கள்

வெள்ளை லேப்டாப்பின் அழகெல்லாம் சிங்கப்பூர்த் தேக்காவில் பொட்டலம் வாங்கி வந்த புரோட்டாவை அதன் பக்கத்தில் வைத்துச் சாப்பிடும்வரைதான். என்னுடையதில் மணிக்கட்டு படும் இடத்தில் ஒரு சொட்டு மீன்குழம்பு விழுந்தது. பதறிப்போய் சோப்புத் தண்ணீரில் துடைத்தேன், மஞ்சள் கறை செங்கல் நிறமாகிவிட்டது. ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கிறதே, அதே கதைதான். சோப்பிலும் சுண்ணாம்பைப் போலக் காரத்தன்மை இருக்கிறது.

மஞ்சளின் நிறம் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, ஆல்கஹாலில் கரையும். அதனால் மருந்துக் கடையில் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள், கூடவே மைக்ரோஃபைபர் துணி, காது பட்ஸ். எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் அடுப்பு, சாமி விளக்குப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

முதலில் சார்ஜரைக் கழற்றி, லேப்டாப்பை முழுதாக அணையுங்கள். தலைகீழாகக் கவிழ்த்து முதுகில் மெதுவாகத் தட்டினால் முறுக்குத் தூள் வரைக்கும் கொட்டும். மிச்சத்தை மென்மையான பிரஷ்ஷால் தள்ளிவிடலாம். வாயால் ஊதினால் எச்சில்தான் உள்ளே போகும்.

அப்புறம் துணியின் ஒரு மூலையை மட்டும் ஆல்கஹாலில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, ஒவ்வொரு விசையாகத் துடையுங்கள். நேராக கீபோர்டின் மேல் ஊற்றுவதோ தெளிப்பதோ கூடவே கூடாது, இடுக்கு வழியாக உள்ளே இறங்கிவிடும். எழுத்துகள் மேலே அச்சடித்த வகை என்றால் அழுத்தித் தேய்க்காதீர்கள், அழிந்துபோகலாம். விசைகளின் ஓரத்துக்கு பட்ஸ் போதும், அழுக்கானதும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் பழைய அழுக்கையே ஊர் சுற்றிக் காட்டுவீர்கள்.

மேல் உடலையும் இப்படியேதான், ஆனால் முதலில் அடிப்பக்கத்தில் ஒரு மூலையில் தேய்த்து, பெயிண்ட் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். திரைக்கு ஆல்கஹால் வேண்டாம், லேசாகத் தண்ணீர் தொட்ட துணி போதும். நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கையே தின்றுவிடும், பிளீச்சும் வேண்டாம். 'மேஜிக் ஸ்பாஞ்ச்' என்று விற்கிறார்களே, அது உப்புத்தாள் மாதிரி நுண்ணியதாகச் சுரண்டும். பளபளப்பான மூடியில் தேய்த்தால் அந்த இடம் மட்டும் மங்கித் தெரியும். எனக்கு மூடியில் ஐந்து காசு அளவுக்கு அப்படி ஒன்று இருக்கிறது.

வேட்டியில் பட்ட மஞ்சள் வெயிலில் வெளுப்பதுபோல இதுவும் வெளுக்கும் என்று ஜன்னலோரம் வைத்துவிடாதீர்கள். வெயில் கறையை எடுத்தாலும் வெள்ளை பிளாஸ்டிக்கைப் பழுப்பாக்கும், சூடு பேட்டரிக்கும் ஆகாது. வயதாகி தானாகவே பழுத்த பிளாஸ்டிக் எவ்வளவு துடைத்தாலும் திரும்ப வெளுக்காது, விட்டுவிடுங்கள்.

நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், மின்விசிறிக்குக் கீழே அரை மணி நேரமாவது திறந்தே வைத்து, அதன் பிறகு ஆன் செய்யுங்கள். புரோட்டாவை வேறு மேசைக்கு மாற்றிவிட்டு.