புழுங்கல் அரிசி ஆலைக்குப் பொறுப்புச் சான்றிதழ்: விண்ணப்பிக்கும் முன் செய்ய வேண்டியவை

மன்னார்குடி, கும்பகோணம் பகுதிகளில் சிறிய புழுங்கல் அரிசி ஆலை நடத்துபவர், தம் தொழில் நீரையும் கூலியாளரையும் கெடுக்காமல் நடக்கிறது என்பதை வாங்குபவரிடம் மெய்ப்பிக்க விரும்பினால், முதலில் எந்தச் சான்று எதற்குப் பொறுப்பேற்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஐ.எஸ்.ஓ. 14001 என்னும் பன்னாட்டுத் தரநிலை சுற்றுச்சூழல் மேலாண்மையை மட்டும் பார்க்கிறது. எஸ்.ஏ. 8000 என்னும் தரநிலை தொழிலாளர் நிலையைப் பார்க்கிறது. 2006-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பி லேப் என்னும் அமைப்பு வழங்கும் பி கார்ப் சான்று, தொழிலை முழுமையாக எடைபோடுகிறது. இதில் நெடுங்காலம் 200-க்கு 80 மதிப்பெண் பெற்றால் போதும் என்றிருந்ததால், ஓரிடத்துக் குறையை வேறோரிடத்து மிகுதியால் ஈடுகட்ட முடிந்தது. 2025-இல் வெளியான புதிய தரநிலை அந்த வழியை அடைத்து, ஏழு தலைப்புகளிலும் குறைந்தபட்சத் தேவைகளை நிறைவேற்றச் சொல்கிறது. ஐ.எஸ்.ஓ. 26000 வெறும் வழிகாட்டி நூல். அதற்குச் சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

அடுத்து ஊறல் தொட்டிக்குச் செல்லுங்கள். நெல்லைப் பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறவைக்கும்போது புளித்து நாற்றமெடுக்கும் நீரில் கரிமப் பொருள் மிகுதியாக இருப்பதால், அது வாய்க்காலில் கலந்தால் அங்குள்ள உயிர்வளியை (ஆக்சிஜனை) தின்றுவிடும். ஆகவே ஆழ்குழாய்க் கிணற்றில் நீர் அளவி (மீட்டர்) பொருத்தி, நாள்தோறும் எடுத்த நீர், ஊறவைத்த நெல், வெளியேறிய நீர் சென்ற இடம் ஆகிய மூன்றையும் ஒரே பேரேட்டில் எழுதி வாருங்கள். வெந்நீரில் ஊறவைத்தால் நாள்கணக்கு மணிக்கணக்காகக் குறைவதுடன் நாற்றமும் தணியும். அதற்கான எரிபொருள் உமியாக ஆலையிலேயே கிடைக்கிறது. உமிச்சாம்பலை யார் எடுத்துச் செல்கிறார், எங்கே கொட்டுகிறார் என்பதற்கும் சீட்டு வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை நடப்பில் இல்லையென்றால் மேற்கொண்டு எதையும் தொடங்க வேண்டாம்.

தொழிலாளர் கணக்குதான் பெரும்பாலான ஆலைகளில் சிக்கல். எஸ்.ஏ. 8000 வாரத்துக்கு 48 மணி நேர வேலையும், அதற்கு மேல் விருப்பத்தின் பேரில் 12 மணி நேர மிகைவேலையும் மட்டுமே அனுமதிக்கிறது. ஆறு நாள் வேலைக்குப் பின் ஒரு நாள் ஓய்வும் கட்டாயம். மூட்டைக் கூலிக்குச் சுமை தூக்குபவரும், களத்தில் நெல் கிளறும் பெண்களும் வருகைப் பதிவேட்டில் இடம்பெறாமல் மேஸ்திரியின் நோட்டில் மட்டும் இருப்பது வழக்கம். அவர்கள் ஒவ்வொருவரின் பெயர், வந்த நேரம், சென்ற நேரம், கையில் பெற்ற தொகை ஆகியவற்றைத் தனித்தனியே பதிய வேண்டும். சான்றுக்காகச் சோதிக்க வரும் தணிக்கையாளர் உங்களை விட்டுவிட்டு அவர்களிடம் தனியே பேசுவார் என்பதால், ஏட்டில் இருப்பதும் அவர்கள் வாயில் வருவதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

நெல் கொள்முதலுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை: ஈரப்பதத்துக்காகக் கழித்த எடையை விவசாயிக்குத் தரும் சீட்டிலேயே காட்டிவிடுங்கள்.

இந்த ஏடுகளைக் கையில் வைத்துக்கொண்டு, பி லேப் இணையத்தில் இலவசமாகத் தரும் சுயமதிப்பீட்டை நிரப்பிப் பார்க்கலாம். பி கார்ப் சான்றுக்குக் குறைந்தது 12 மாதம் தொழில் நடந்திருக்க வேண்டும். பதிவேடுகளைக் குறுவை அறுவடையின்போது தொடங்குவது நல்லது. சம்பா நெல் வந்து குவியும் தை, மாசியில் ஆலை இரவும் பகலும் ஓடும்போது மிகைவேலையும் நீர்ச்செலவும் எவ்வளவு ஏறுகின்றன என்பது அப்படி முன்கூட்டியே தொடங்கினால்தான் கணக்கில் அகப்படும்.